12 ஏக்கரில் காடு: நடுவதா, வளர விடுவதா, எவ்வளவு செலவாகும்?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான். இலங்கையின் வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கம் ஊர்ச் சங்கத்தின் பொறுப்பில் 12 ஏக்கர் காணி இருக்கிறது. பாதி பற்றைக்காடு, கால்வாசி வருடாவருடம் எரிகிற புல்வெளி, மிச்சம் முன்பு கிரவல் அள்ளிய இடம். வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் 25 இலட்சம் ரூபாய் தர ஆயத்தமாக இருக்கிறார்கள். மியாவாக்கி முறையில் (மிக நெருக்கமாகக் கன்று நடும் யப்பானிய முறை) அடர்காடு செய்யலாமா, வழமைபோலக் கன்று நடலாமா, சும்மா விட்டாலே காடு வருமா, எது மலிவு?

விடையை முதலே சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று துண்டுக்கும் மூன்று விதமான வேலை. பற்றைக்குள் ஒரு கன்றும் நட வேண்டாம், அங்கே இருப்பதை வளர்த்தெடுங்கள். புல்வெளியில் திட்டுத் திட்டாக நடுங்கள். கிரவல் குழியில் மட்டும் முழுமையாக நடுங்கள், அதையும் மண்ணைச் சரிசெய்த பிறகு. மியாவாக்கியை இந்தக் காணிக்கு நினைக்கவே வேண்டாம். 25 இலட்சத்தில் பெரும்பங்கு கன்றுக்கு அல்ல, நட்ட பின் வருகிற வருடங்களுக்குப் போக வேண்டும். ஏன் என்று விளக்குகிறேன்.

வன்னியில் காடு தானாக வருமா என்பதற்கு எங்கள் சனமே சாட்சி. 2009இல் போர் முடிந்த பிறகு மீள்குடியேறப் போனவர்கள் தங்கள் வளவையே அடையாளம் காண முடியாமல் நின்றார்கள். கிணற்றுக்கட்டைச் சுற்றி வேம்பும் நாவலும் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தன, வீட்டு அத்திவாரத்துக்குள்ளே விளாத்தி. யாரும் நடவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. காட்டை வெட்டி எரித்துச் சேனைப் பயிர் செய்பவர்கள் மரத்தை முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டு வேரை மண்ணுக்குள்ளேயே விட்டுவிடுவார்கள். அந்த அடிக்கட்டை சாகாது. இரண்டு மாரி கிடைத்தால் திரும்பத் தளிர்க்கும். பாலை, வீரை, நாவல் எல்லாம் அப்படித்தான். ஆனால் டோசர் போட்டு வேரோடு கிளறிய காணியிலோ, கிரவலுக்காக மேல்மண்ணை வழித்தெடுத்த இடத்திலோ இது நடக்காது. வேர் இருக்கிறதா இல்லையா என்பதுதான் உங்கள் செலவைத் தீர்மானிக்கும் முதல் விடயம்.

வெப்பமண்டல நாடுகளில் மீண்டு வந்த காடுகளைப் பற்றி 2021இல் பெரிய ஆய்வொன்று வந்தது. கைவிடப்பட்ட விளைநிலங்களில் 77 இடங்களைப் பார்த்திருந்தார்கள். 20 வருடத்தில் அந்தக் காடுகள் பல அம்சங்களில் பழைய காட்டின் 78 வீதத்தை எட்டியிருந்தன. மண் வளம் 10 வருடத்துக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. இனங்களின் கலவையும் மரத்தின் மொத்தத் திணிவும் திரும்ப 120 வருடத்துக்கு மேல் எடுக்கும். அதாவது நிழலும் மண்ணும் உங்கள் காலத்திலேயே வரும். பழைய பாலைக்காடு பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு.

இதை வாசித்துவிட்டு "அப்போ சும்மா விடுவோம்" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதிலும் ஒரு பிசகு உண்டு. இயற்கையாக மீண்ட காட்டை ஆராய்பவர்கள் ஏற்கெனவே மீண்ட இடங்களைத்தான் தேடிப் போகிறார்கள். மீளாமல் புல்லாகவே கிடக்கிற காணி அந்தக் கணக்கில் வராது. நடுகைக் காடுகளோ பெரும்பாலும் ஆகக் கெட்டுப்போன நிலத்தில் நடப்பட்டவை. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு இயற்கை வென்றது என்பது நியாயமில்லை. இந்த விமர்சனத்தை ஆராய்ச்சியாளர்களே எழுதியிருக்கிறார்கள். அதனால் பொதுவாக எது சிறந்தது என்று கேட்காமல், இந்தத் துண்டு நிலத்தில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

பார்ப்பதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. தாய்லாந்தின் சியாங் மாய் பல்கலைக்கழகக் காடு மீட்புப் பிரிவினர் பல வருடங்களாகப் பாவிக்கும் முறை. ஒரு தடியை நட்டு, அதில் 5 மீற்றர் கயிற்றைக் கட்டிச் சுற்றி நடந்தால் ஒரு வட்டம் வரும். அந்த வட்டத்துக்குள் அரை மீற்றருக்கு மேல் வளர்ந்த மரக்கன்று எத்தனை, தளிர்விட்ட அடிக்கட்டை எத்தனை என்று எண்ணுங்கள். சூரை, நாயுண்ணி போன்ற பற்றைகளைச் சேர்க்காதீர்கள், மரமாகக் கூடியவற்றை மட்டும். 25 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஹெக்டேயருக்கு 3,000க்கு மேல் கன்று ஏற்கெனவே நிற்கிறது என்று அர்த்தம். நட வேண்டிய தேவையே இல்லை. குறைந்தால் குறைகிற அளவை மட்டும் நட்டால் போதும். 12 ஏக்கரிலும் பத்துப் பதினைந்து வட்டம் போட்டுப் பாருங்கள். ஊரில் மரம் தெரிந்த ஒரு வயதானவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். முதிரைக் குருத்தையும் பனிச்சைக் குருத்தையும் இலை பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அந்த அறிவுக்குச் சம்பளம் கொடுத்தாலும் தகும்.

அதற்கு முதல் இரண்டு காரியம். மண்ணில் அலவாங்கு போடுமுன் அந்த இடம் மிதிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்று பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பக்கத்துக் காணி துப்புரவாகிவிட்டது என்பது போதாது. மற்றது காணிப் பத்திரம். வன்னியில் வெறுமையாகக் கிடந்து காடு பிடித்த எத்தனையோ பேரின் காணிக்குள் வன எல்லைக் கல் விழுந்திருக்கிறது. அதனால்தான் சனம் காடு வளர விடவே பயப்படுகிறது, அந்தப் பயம் நியாயமானது. காணியின் உரித்தும் அதில் வளர்க்கிற மரங்களின் உரித்தும் யாருக்கு என்பதைப் பிரதேச செயலகத்திலும் வனவளத் திணைக்களத்திலும் முதலே பேசி, வரைபடத்தோடு பதிந்து வையுங்கள்.

சரி, முறைகளுக்கு வருவோம். காசுக் கணக்கு எளிதாக விளங்க நாட்கூலி 3,000 ரூபாய், ஒரு கன்று 100 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள், விகிதம் பெரிதாக மாறாது.

மியாவாக்கி முறையில் சதுர மீற்றருக்கு 3 முதல் 5 கன்று நடுவார்கள். ஹெக்டேயருக்கு 30,000 முதல் 50,000. உங்கள் 12 ஏக்கர் 4.86 ஹெக்டேயர். கன்றுக்கு மட்டுமே ஆகக் குறைந்தது ஒன்றரைக் கோடிக்குக் கிட்ட வரும். மண்ணை ஆழமாகக் கிளறிப் பசளை போடுவதும், இரண்டு மூன்று வருடம் தண்ணீர் இறைப்பதும் வேறு. யப்பானின் ஈரமான காலநிலைக்காக அகிரா மியாவாக்கி வகுத்த முறை அது. எங்களுக்கு ஐப்பசி முதல் தை வரை மழை, வைகாசி முதல் புரட்டாசி வரை வரட்சியும் சோளகக் காற்றும். அத்தனை கன்றும் ஒரே நேரத்தில் அந்த மண்ணில் தண்ணீர் தேடினால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். பள்ளிக்கூட மூலையில் ஒரு பரப்பில் பிள்ளைகளுக்காகச் செய்யலாம், நல்லது.

வழமையான முழு நடுகை அடுத்தது. 3 மீற்றருக்கு 3 மீற்றர் இடைவெளியில் ஹெக்டேயருக்கு 1,111 கன்று. கன்றுக்கு 1,11,000 ரூபாய். எங்கள் இறுகிய செம்மண்ணில் ஓர் ஆள் நாளுக்கு 40 குழி வெட்டினால் 28 ஆள்நாள், 84,000. ஏற்றி இறக்கி நட 30,000. இதோடு பெரும்பாலான திட்டங்களின் கணக்கு முடிந்துவிடும், படமும் எடுத்தாயிற்று. உண்மையான செலவு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வருடத்துக்கு 3 தடவை, 3 வருடம், கன்றைச் சுற்றிப் புல் பிடுங்கி மூடாக்குப் போட, தடவைக்கு 12 ஆள்நாள் வைத்தால் 3,24,000. செத்த கன்றுக்கு மாற்று நட இன்னொரு 40,000. கூட்டினால் ஹெக்டேயருக்கு 5,90,000 வரை. இதில் கன்றின் விலை ஐந்தில் ஒரு பங்குதான், களை பிடுங்கும் கூலி பாதிக்கு மேல். பவுசரில் தண்ணீர் ஊற்றினால் இன்னும் ஏறும்.

தெற்கு, தென்கிழக்கு ஆசியாவில் 176 நடுகை இடங்களைப் பார்த்த ஆய்வு 2022இல் வந்தது. நட்டதில் சராசரியாக 18 வீதம் முதல் வருடத்திலும், ஐந்து வருடம் முடிய 44 வீதமும் செத்துப்போயிருந்தது. பெரிய மரங்கள் மிஞ்சிய இடத்துக்குள் நட்டவை கூடுதலாகத் தப்பின. இந்த வீதத்தை எங்கள் கணக்கில் போட்டால் 1,111இல் ஐந்தாம் வருடம் 620 போல உயிரோடு நிற்கும், ஒரு மரத்துக்கு 950 ரூபாய் விழும். களை பிடுங்காமல் நட்டதோடு விட்டுவிட்டால் செலவு 2,25,000தான், பார்க்க மலிவு. ஆனால் கோடை எரிப்புக்குப் பிறகு 50 கன்று மிஞ்சினால் ஒவ்வொன்றும் 4,500 ரூபாய்க் கன்று. நன்கொடை தருபவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். நட்ட கன்றின் விலையை யாரும் கேட்கட்டும், ஐந்தாம் வருடம் நிற்கிற மரத்தின் விலையையும் கேட்க வேண்டும்.

அடுத்தது இருப்பதை வளர்த்தெடுக்கும் முறை. உங்கள் பற்றைக்காட்டுக்கு இதுதான். தளிர்விட்ட அடிக்கட்டை ஒன்றைக் கிட்டப்போய்ப் பாருங்கள். பத்துப் பதினைந்து குருத்து ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும், எதுவும் உயராது. நேராக நிற்கிற ஒன்றையோ இரண்டையோ விட்டுவிட்டு மிச்சத்தை அடியோடு நறுக்கினால், முழு வேரின் பலமும் அந்த ஒன்றுக்குப் போகும். இரண்டு மாரிக்குள் வித்தியாசம் தெரியும். நாளெல்லாம் 40 குழி வெட்டி நடும் ஒரு சின்னக் கன்றுக்கு அந்த ஆழமான வேர் ஒருநாளும் கிடைக்காது, அதனால்தான் அடிக்கட்டைக்குக் கோடையில் தண்ணீர் தேவையில்லை. பிறகு கன்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நிறம் பூசிய தடி ஊன்றி (இல்லாவிட்டால் புல் வெட்டுபவர் கன்றையும் சேர்த்து வெட்டிவிடுவார்), சுற்றி ஒரு முழ அளவுக்குப் புல்லைப் பிடுங்கி, அதையே காலடியில் மூடாக்காகப் போட வேண்டும். மேலே படர்ந்த கொடியை அறுக்க வேண்டும். எல்லாம் சேர்த்து மூன்று வருடத்துக்கு ஹெக்டேயருக்கு 88 ஆள்நாள் போதும் என்பது என் கணிப்பு. அதாவது 2,64,000 ரூபாய், முழு நடுகையின் பாதிக்கும் குறைவு.

இது வெறும் ஆசைக் கணக்கு அல்ல. பிலிப்பைன்ஸில் போஹோல் தீவின் தனாவோவில் ஐ.நா. உணவு விவசாய அமைப்பு இதே முறையைச் செய்து பார்த்தது. ஹெக்டேயருக்கு 579 டொலர் முடிந்தது, வழமையான நடுகைக்கு 1,048 டொலர். அங்கே இலுக்குப் புல்லை வெட்டவில்லை. இரண்டு பக்கமும் கயிறு கட்டிய பலகையைத் தோளில் மாட்டி, காலால் மிதித்துப் புல்லை அடிமடங்கச் சாய்த்தார்கள். வெட்டினால் இலுக்கு இன்னும் வேகமாகத் துளிர்க்கும். மடித்துவிட்டால் உயிரோடு கிடந்து தனக்குத்தானே நிழலாகி அடங்கும், நெருப்பும் அவ்வளவு உயரமாக எழும்பாது. உங்கள் புல்வெளியில் இலுக்கு இருக்கிற இடத்தில் இதைச் செய்யலாம். கினிப்புல் முடிச்சு முடிச்சாக வளர்வது, அதற்கு மண்வெட்டிதான்.

புல்வெளிக்கு நான் சொன்ன திட்டு முறைக்குத் தெற்கு கொஸ்தா றிக்காவில் சூழலியலாளர்கள் கேரன் ஹோல், ரகான் சகாவி ஆகியோரின் நீண்டகாலச் சோதனை இருக்கிறது. 2004 முதல் அருகருகே நட்டுப் பார்த்தார்கள்: ஒன்றில் முழு நடுகை, ஒன்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குப் பரப்பில் மட்டும் தீவுகளாக நடுகை, ஒன்றை அப்படியே விட்டது. பத்து வருடம் தாண்டியபோது தீவுகளாக நட்ட இடத்தில் வந்த காடு முழுக்க நட்ட இடத்துக்குப் பெரிதாகக் குறையவில்லை. மரம் நின்றால் பறவை வந்து இருக்கும், இருந்தால் எச்சமிடும், விதை அதோடு வரும். எங்களுக்கு இந்த வேலையைச் செய்ய ஆட்கள் நிறைய உண்டு. கொண்டைக்குருவி சின்ன விதைகளைக் கொண்டுவரும், இருவாய்ச்சி பெரியவற்றை. பாலைப்பழக் காலத்தில் கரடி தின்றுவிட்டு எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் பாலை முளைக்கும். புல்வெளியில் தனியாக நிற்கிற பழைய மரம் ஒன்றாவது இருந்தால் முதல் திட்டு அதன் அடியில்தான். ஹெக்டேயருக்கு, நெருப்புத் தடுப்பும் சேர்த்து, 2 இலட்சத்துக்குள் முடிக்கலாம்.

நெருப்பைத் தடுக்காவிட்டால் மேலே சொன்ன எதுவும் நிற்காது. எங்கள் காட்டுக்கு ஆகக் கிட்டிய உதாரணம் கொஸ்தா றிக்காவின் குவானகாஸ்தே. அதுவும் வரண்ட வெப்பமண்டலக் காடு, அங்கேயும் ஆபிரிக்காவிலிருந்து வந்த மேய்ச்சல் புல் வருடாவருடம் எரிந்து காட்டை விழுங்கியது. 1980களிலிருந்து சூழலியலாளர் டேனியல் ஜான்சென்னும் அவரோடு நின்றவர்களும் முதலில் செய்தது மரம் நட்டதல்ல, உள்ளூர் ஆட்களை வேலைக்கு எடுத்து நெருப்பை நிறுத்தியது. அதன் பின் காற்றில் பறக்கும் விதை முதலில் வந்தது, விலங்கு கொண்டுவரும் விதை பிறகு வந்தது. எங்கள் முதிரையும் காற்றில் பறக்கும் விதைதான். நெருப்பு நின்றால் அதுவும் வரும்.

நீங்கள் செய்ய வேண்டியது, வைகாசி பிறக்குமுன் காணியைச் சுற்றி நாலைந்து மீற்றர் அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி மண்ணை வெறுமையாக்குவது, பிறகு புரட்டாசி பிறக்கும் வரை ஒரு காவலாளி. மாதம் 50,000 என்றால் நான்கு மாதத்துக்கு 2 இலட்சம், மூன்று வருடத்துக்கு 6. கட்டாக்காலி மாட்டையும் அவரே பார்ப்பார். மேய்ச்சல்காரரையே காவலாளியாக வைத்தால் இன்னும் நல்லது. மேய்ச்சல்தரை இல்லாமல் அலைபவர்களோடு சண்டைபிடித்து எந்த வேலியும் நிற்காது, பேசி ஒரு பக்கம் பாதை விடுங்கள். வேலிக்குக் கிளுவைக் கதியால் போதும், முட்கம்பி இரண்டு வரி. 12 ஏக்கரும் சதுரமாக இருந்தால் சுற்றளவு 880 மீற்றர், ஏக்கருக்கு 73 மீற்றர். ஒரே ஏக்கரைத் தனியாக அடைத்தால் 254 மீற்றர் வேண்டும். அதனால் துண்டு துண்டாக அடைக்க வேண்டாம். யானை வந்தால் வேலி உடையும், திரும்பக் கட்டுவதற்கும் காசு வையுங்கள்.

கிரவல் குழிக்கு வேறு வைத்தியம். அங்கே வேரும் இல்லை, விதையும் இல்லை, மண்ணே இல்லை. குவானகாஸ்தேயில் 1990களில் 3 ஹெக்டேயர் பாழ்நிலத்தில் தோடம்பழச் சாற்றுத் தொழிற்சாலையின் 12,000 தொன் தோலைக் கொட்டினார்கள். 16 வருடம் கழித்துப் பக்கத்து நிலத்தைவிட மரத்திணிவு 176 வீதம் கூடியிருந்தது. எங்களிடம் தோடம்பழத் தோல் இல்லை, உமியும் வைக்கோலும் மாட்டெருவும் இருக்கின்றன. முதல் வருடம் தரையை உழுது இவற்றைக் கொட்டி, துவரை விதைத்து, ஆவாரையும் கிளிரிசிடியாவும் வைத்து நிழலாக்குங்கள். இரண்டாம் மாரிக்கு ஆத்தி, வாகை, வேம்பு, விளாத்தி. இப்பிலிப்பிலைக் கொண்டுவந்து தந்தாலும் வாங்காதீர்கள், பிறகு பிடுங்கி முடியாது.

விதையாகவே போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பிரேசிலின் ஷிங்கு ஆற்றுப் பக்கம் பழங்குடி மக்களும் விவசாயிகளும் 2007 முதல் விதை சேர்த்து, பலவகை விதையைக் கலந்து வயலில் விதைப்பதுபோல விதைக்கிறார்கள். கன்று நடுவதைவிட மிக மலிவு. எங்களுக்கு ஒரு சிக்கல். நாவல், வேம்பு, இலுப்பை விதைகள் சில நாள் அல்லது சில வாரத்தில் உயிர் போய்விடும், அவை விழும் காலத்தில் மழையும் இல்லை. அவற்றை உடனே பையில் போட்டு நாற்றுமேடையில்தான் வளர்க்க வேண்டும். கொன்றை, வாகை, புளி போன்ற கடின ஓட்டு விதையைச் சேமித்து, சுடுநீரில் ஊறவைத்து, ஐப்பசி மழையோடு நேரே போடலாம். முள்ளம்பன்றியும் பன்றியும் தின்னும் என்பதற்காக இரட்டிப்பாகப் போடுங்கள்.

தேக்கு நட்டால் காசும் வருமே என்று சங்கத்தில் யாராவது கேட்பார்கள். 2024இல் 138 நாடுகளுக்குச் செலவு கணக்கிட்ட ஓர் ஆய்வு, கரியமில வாயுவைப் பிடிக்க 46 வீத நிலத்தில் இயற்கை மீட்பும் 54 வீதத்தில் நடுகையும் மலிவு என்று கண்டது. மர விற்பனை செலவை ஈடுசெய்வதால் சில இடங்களில் நடுகை மலிவாகிறது. அது கரியமிலக் கணக்கு. தேக்கந் தோட்டத்தில் பாலைப்பழமும் இல்லை, கரடியும் வராது. காசுதான் நோக்கம் என்றால் அதற்கு வேறு காணி பாருங்கள்.

எல்லாம் சேர்த்தால், 6 ஏக்கர் பற்றைக்கு ஆறரை இலட்சம், 3 ஏக்கர் புல்வெளிக்கு இரண்டரை, கிரவல் நிலத்துக்கு ஏழு அல்லது எட்டு. காவலுக்கு ஆறு. மிச்சம் வேலிக்கும் எருவுக்கும். 25க்குள் நெருக்கித்தான் வரும், ஆனால் வரும். 12 ஏக்கரும் முழுக்க நட்டால் காவலும் வேலியும் இல்லாமலே 28 இலட்சம் தாண்டும்.

ஜூன் 5 சுற்றாடல் தினத்துக்கு நடச்சொல்லி யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள், அது சோளகம் அடிக்கிற நேரம். வடக்கில் கார்த்திகையை மரநடுகை மாதமாகக் கொண்டாடுகிறோம், காலம் அதுதான். தருபவர்களிடம் பணத்தை ஒரேயடியாக வாங்காமல் ஐந்து வருடத்துக்குப் பிரித்து வாங்குங்கள். ஒவ்வொரு தை மாதமும் அதே வட்டங்களில் உயிரோடு நிற்பதை எண்ணி, அந்த எண்ணிக்கையை அனுப்பிய பிறகு அடுத்த தவணை. முதல் தவணையில் கன்று வாங்க வேண்டாம், கயிறும் தடியும் ஒரு கொப்பியும் வாங்கி வட்டம் போடத் தொடங்குங்கள்.